பல்லில் பழுப்புக் கறை

கேள்வி: என் மகளுக்குப் பத்து வயது. இரண்டு வேளை பல் துலக்கியும் முன்பற்களில் பழுப்புக் கறை போகவில்லை. வாயைப் பொத்தியே சிரிக்கிறாள். சாம்பல் போட்டுத் தேய்க்கலாமா? – ஒரு வாசகி, பென்னாகரம்

பதில்: வேண்டவே வேண்டாம்மா. சாம்பலில் பல்லின் மேல்பூச்சான எனாமல் தேயும்; தேய்ந்தது திரும்ப வளராது. இது அழுக்கும் இல்லை, பிள்ளைமேல் தப்பும் இல்லை. ஈறுக்குள் பல் உருவாகும் வயதில் குடித்த போர் தண்ணீரில் கரைந்திருக்கும் ஃப்ளோரைடு என்ற உப்புதான் பெரும்பாலும் காரணம். தர்மபுரிப் பக்கம் நெடுநாள் தொல்லை. தண்ணீரைக் கொதிக்கவைத்தாலும் ஃப்ளோரைடு போகாது. வீட்டில் கைக்குழந்தை இருந்தால் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரையே கொடுங்கள்.

அமெரிக்காவின் கொலராடோ ஸ்பிரிங்ஸில் 1901 முதல் இதே கறையை ஆராய்ந்தார் பல் மருத்துவர் ஃபிரெடெரிக் மெக்கே. ஆச்சரியம், கறைபட்ட பற்களில் சொத்தை குறைவு! ஃப்ளோரைடுதான் காரணம் என்று 1931-இல்தான் தெரிந்தது.

மேலாக உள்ள கறையைப் பல் மருத்துவர் மெருகேற்றிக் குறைப்பார். ஆழமான கறைக்குப் பல் நிறத்திலேயே காம்போசிட் பூச்சு இருக்கிறது.