பேக்கப் நடுவில் ஹார்ட் டிஸ்க் காணாமல் போகிறதா?

வணக்கம். ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியில் இரண்டு போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருப்பதாகவும், இரவு பேக்கப் ஓடும்போது ஒன்று காணாமல் போவதாகவும் எழுதியிருந்தீர்கள். டிஸ்க் கெட்டுவிட்டதென்று அவசரப்பட்டு மாற்றாதீர்கள். அந்தப் போர்டின் நான்கு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்பியர் மின்சாரம்தான், இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகச் சுழன்றால் பற்றாது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் பெங்களூரு எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும்.

அப்புறம், டிஸ்க் மவுன்ட் ஆகாதபோது, அதாவது தன் ஃபோல்டரோடு இணையாதபோது, ஃபைல்களை நகலெடுக்கும் ஆர்சிங்க் (rsync) நிரல் ஓடினால், அதே பெயரிலுள்ள வெறும் ஃபோல்டருக்குள், அதாவது பை இயங்கும் எஸ்டி கார்டிலேயே எழுதிக்கொண்டு போகும். மடிவாளாவில் ஒரு மழை இரவில் கரண்ட் போய் வந்தது. காலையில் பார்த்தால் என் கார்டு முழுக்க நிரம்பியிருந்தது. பேக்கப் ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே மவுன்ட்பாயின்ட் (mountpoint) கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையென்றால் நிறுத்திவிடுங்கள். குழந்தையின் படங்கள் என்கிறீர்கள். ஒரு பிரதி ஊரில் அம்மா வீட்டிலும் இருக்கட்டும்.