வண்டி கேள்வி பதில்: ஹெட்டில் ஒடிந்த சைலன்சர் ஸ்டட்

கேள்வி (உவரி): 100 சிசி வண்டியில் சைலன்சர் பேக்கிங் மாற்றப் போனேன். ஒரு நட்டு அசையவே இல்லை. ரிங் ஸ்பானரில் இழுத்ததும் ஸ்டட் (சிலிண்டர் ஹெட்டில் பதிந்து நட்டைத் தாங்கும் மரைக் கம்பி) ஒடிந்துவிட்டது. ஹெட்டுக்கு வெளியே 8 மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கிறது. ஹெட்டையே மாற்ற வேண்டும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: வேண்டாம். 8 மி.மீ. வெளியே இருப்பது நல்ல நிலைமைதான். உங்கள் ஊர்க் கடற்காற்றில் இது அடிக்கடி நடக்கும். இரும்பு ஸ்டட்டும் அலுமினிய ஹெட்டும் சேரும் இடத்தில் உப்பு ஈரம் இறங்கினால் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். அந்தப் பொடி மரைக்குள் உப்பி ஸ்டட்டைக் கவ்விப் பிடித்துக்கொள்கிறது. வெறும் பலத்தால் இழுத்தால் மரை கழலாது, ஸ்டட்தான் ஒடியும்.

முதல் நாள் திருக வேண்டாம். கம்பி பிரஷால் தேய்த்துவிட்டு, துருவுக்குள் இறங்கும் எண்ணெயை அடியில் விடுங்கள். உங்கள் வண்டியில் சிலிண்டர் படுத்த மாதிரி இருந்தால் ஸ்டட் கீழ்நோக்கி இருக்கும், எண்ணெய் வழிந்துவிடும். பஞ்சை நனைத்து ஸ்டட்டைச் சுற்றிக் கட்டி, இரண்டு மூன்று முறை நனைத்து இரவு முழுக்க விட்டுவிடுங்கள்.

மறுநாள் சூடு. பெட்ரோல் டேங்கைக் கழற்றித் தூரமாக வையுங்கள், பஞ்சை எடுத்துவிட்டு, வழிந்த எண்ணெயையும் துடைத்துவிடுங்கள். ஹாட் ஏர் கன்னை ஸ்டட்டின் மேல் பிடிக்காமல், அதைச் சுற்றியுள்ள அலுமினியத்தின் மேல் பிடியுங்கள். ஒரே சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரு மடங்கு விரியும். தண்ணீர் சொட்டு விட்டால் சுர்ரென்று பறக்கும் அளவு சூடேறியதும் வைஸ் கிரிப்பால் (பிடித்தபடி பூட்டிக்கொள்ளும் குறடு) பிடியுங்கள். இரண்டு நட்டுகளை ஒன்றோடொன்று இறுக்கித் திருகும் முறை இங்கே நடக்காது: 6 மி.மீ. நட்டு ஒன்று 5 மி.மீ. உயரம், இரண்டுக்கு 10 மி.மீ. வேண்டும்.

முதலில் இறுக்கும் பக்கம் துளியளவு, பிறகு கழற்றும் பக்கம் துளியளவு. அசைந்தால் உடனே சுழற்றி எடுத்துவிடத் தோன்றும், கூடாது. கால் சுற்று வந்தால் பாதியைத் திரும்ப உள்ளே விட்டு, ஆறவிட்டு, எண்ணெய் விட்டு மீண்டும் திருகுங்கள். கீச்சென்று சத்தம் வந்தால் நிறுத்துங்கள், அடுத்த இழுப்பில் அடியோடு ஒடியும்.

இதிலும் வரவில்லையென்றால் வெல்டிங் பட்டறைக்குப் போங்கள். 6 மி.மீ. ஸ்டட்டின் மேல் 8 மி.மீ. நட்டை வைத்து, நட்டின் ஓட்டை வழியாக நிரப்பி வெல்டு வைக்கச் சொல்லுங்கள். இரும்பு வெல்டு அலுமினியத்தில் ஒட்டாது. அதோடு வெல்டின் சூடே பாதி வேலையை முடித்துவிடும். செம்மை மாறி நன்றாக ஆறிய பிறகுதான் திருக வேண்டும். நட்டு பிய்த்துக்கொண்டு வரலாம், மறுபடி வையுங்கள். வெல்டு வைப்பதற்கு முன் பேட்டரியின் இரண்டு முனைகளையும் கழற்றுங்கள், எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாத ஃப்யூவல் இன்ஜெக்ஷன்) வண்டியென்றால் ஈ.சி.யூ. (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) கப்ளரையும். எர்த் கிளாம்பை வண்டிச் சட்டத்தில் போடாமல் ஹெட்டின் பக்கத்திலேயே போட வேண்டும். இல்லாவிட்டால் கரண்ட் பேரிங் வழியாகப் பாயும்.

கேள்வி (மேலப்பாளையம்): ஸ்டட் ஹெட்டோடு மட்டமாக ஒடிந்தது. நடுவில் துளை போட்டு ஈஸி அவுட் (ஒடிந்த ஸ்டட்டின் துளைக்குள் திருகி அதைக் கழற்றும் கருவி) விட்டோம், அதுவும் உள்ளேயே ஒடிந்துவிட்டது. இனி?

பதில்: இனி சாதாரண டிரில்லை அதன் மேல் வைக்காதீர்கள். ஈஸி அவுட் கடினமாக்கிய எஃகு. டிரில் வழுக்கிப் பக்கத்து அலுமினியத்தைத் தின்னும், துளை கோணலாகும். கடினமானது எதுவும் நொறுங்கக்கூடியது என்பதால் சிறிய பஞ்ச் வைத்து மெல்லத் தட்டிச் சில்லாக எடுக்க முடிகிறதா பாருங்கள். இல்லையென்றால் ஹெட்டை இறக்கி, டை, மோல்டு செய்யும் பட்டறையில் தீப்பொறி அரிப்பு முறையில் (மின்பொறியால் எஃகைக் கொஞ்சம் கொஞ்சமாக அரிக்கும் EDM) எடுக்கச் சொல்லுங்கள். ஹெட்டின் மரை சேதமாகாமல் வெளியே வரும்.

பூட்டிக் கிடக்கும் ஸ்டட்டில் ஈஸி அவுட் விடுவதே தவறு என்பது எங்கள் கருத்து. 6 மி.மீ. ஸ்டட்டையே ஒடித்த பிடியை, அதன் துளைக்குள் போகும் 3 மி.மீ. கம்பி எப்படி வெல்லும்? முழுக்கத் துளைத்தே எடுப்பது மேல். நடு தவறாமல் இருக்க ஒரு வழி: லேத்தில் சிறு புஷ் கடையுங்கள். வெளிவிட்டம் பெண்டு பைப் (ஹெட்டிலிருந்து சைலன்சருக்குப் போகும் வளைந்த குழாய்) பிளேட்டின் துளைக்குச் சரியாக, உள்துளை 3 மி.மீ. பிளேட்டை நல்ல ஸ்டட்டில் மாட்டி, ஒடிந்த பக்கம் புஷ்ஷை வைத்தால் டிரில் தானாக நடுவில் இறங்கும். பிறகு 4, கடைசியில் 5 மி.மீ. மிஞ்சும் மரைச் சுருளை ஊசியால் கிளறி எடுத்து, 6 மி.மீ. டேப்பால் (மரை வெட்டும் கருவி) சுத்தம் செய்யலாம். பிஸ்டனை கம்ப்ரஷன் மேல்நிலையில் நிறுத்துங்கள். அப்போது எக்ஸாஸ்ட் வால்வு மூடியிருக்கும், தூள் சிலிண்டருக்குள் போகாது.

கேள்வி (அம்பாசமுத்திரம்): மரை போய் ஸ்டட் சும்மா சுற்றுகிறது. 8 மி.மீ. ஸ்டட் போடலாமா, ஹெலிகாயில் (போன மரைக்குப் பதிலாகத் துளைக்குள் திருகும் கம்பிச் சுருள்) போடலாமா? எபாக்சி பசை நிற்குமா?

பதில்: பசை நிற்காது. சாதாரண மரைப் பசைகூட 150 டிகிரியை நெருங்கும்போதே இளகும், இந்த இடம் அதைவிடச் சூடாகும்.

ஹெலிகாயில் போடுங்கள். 6 மி.மீ. மரைக்கு 6.3 மி.மீ. டிரில், பிறகு கிட்டில் வரும் தனி டேப். கடையில் விற்கும் 7 மி.மீ. டேப் பொருந்தாது. அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே என்று வெட்டுங்கள். துளை பெரும்பாலும் அடைத்த துளை. பழைய ஆழத்தை அளந்து டிரில்லில் ஒட்டு நாடா சுற்றி அடையாளம் வைக்காவிட்டால் எக்ஸாஸ்ட் வழியிலேயே ஓட்டை விழும். சுருளின் நீளம் 9 மி.மீ. போதும். மேல்மட்டத்துக்குக் கால் முதல் அரைச் சுற்று கீழே உட்கார வேண்டும். அடியில் உள்ள வாலை ஒடித்து வெளியே எடுத்துவிடுங்கள்.

8 மி.மீ. என்றால் 6.8 மி.மீ. துளை வேண்டும், சுற்றியுள்ள சுவர் மெலியும். ஏற்கெனவே துளை பெரிதாகிப்போனவர்களுக்கு மட்டும்தான் அது. அப்போதும் ஹெட்டுக்குள் 8, வெளியே 6 என்று படி ஸ்டட் கடைந்து போட்டால் பிளேட்டின் துளையைப் பெரிதாக்க வேண்டியதில்லை.

கேள்வி (வள்ளியூர்): புது ஸ்டட் ஆறு மாதத்தில் மறுபடி ஒடிந்தது. ஏன்?

பதில்: பின்பக்க சைலன்சர் போல்ட்டை முதலில் இறுக்கிவிட்டு, முன்னால் பெண்டு பைப்பை நட்டாலேயே இழுத்து உட்கார வைத்திருப்பார்கள். அந்த இழுவிசையும் வண்டியின் அதிர்வும் நாள் முழுக்க ஸ்டட்டின் மேலேயே நிற்கும். புது பேக்கிங் வைத்து எல்லாவற்றையும் கைவிரலால் தளர்வாக மாட்டுங்கள். முதலில் முன் நட்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக, கடைசியில் பின் போல்ட்டை. 6 மி.மீ.க்கு சுமார் 10 நியூட்டன் மீட்டர் போதும்; உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதுவே சரி. நட்டு பக்க மரையில் செம்புக் கிரீஸ் தடவி, பித்தளை நட்டு போடுங்கள். ஒரு முறை ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு மீண்டும் இறுக்கம் பாருங்கள். பிளேட்டைச் சுற்றிக் கரி படிந்தாலோ, ஆக்சிலரேட்டரை விட்டதும் சைலன்சரில் டப் டப்பென்று வெடித்தாலோ, பேக்கிங் இன்னும் சரியாக உட்காரவில்லை.