வீட்டுப் பத்திரத்தை வைத்து மேற்படிப்பா?

கேள்வி: ஆத்தூரில் வீடு கட்டித் தரும் மேஸ்திரி நான். மகன் பி.இ. சிவில் முடித்துவிட்டு கோவையில் ஓர் அடுக்குமாடி வேலையில் சைட் இன்ஜினீயராக இருக்கிறான். சம்பளம் 24,000 ரூபாய். வெளிமாநிலத் தனியார் பல்கலைக்கழகத்தில் கட்டுமான மேலாண்மை இரண்டு வருடம் படிக்க இடம் கிடைத்திருக்கிறது. கட்டணம் 12 லட்சம். வங்கியில் வீட்டுப் பத்திரம் கேட்கிறார்கள். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். கொடுக்கலாமா?

பதில்: படிப்பு நல்ல படிப்புதான். சைட்டில் கம்பி அட்டவணை போட்டு, கான்ட்ராக்டர் பில்லைச் சரிபார்த்துப் பழகிய பையன் திட்டமிடல், ஒப்பந்தம், செலவுக் கட்டுப்பாடு என்று மேலே போக இது வழி. எனக்கு உறுத்துவது பத்திரம்.

கணக்கைப் பாருங்கள். ஆறு மாதத்துக்கு 3 லட்சம் வீதம் வங்கி கட்டணத்தைக் கட்டும். வட்டி 10.5% என்று வைப்போம். படிக்கும்போதும் முடித்து ஒரு வருடம் வரையும் தவணை கிடையாது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும்; அதுவே சுமார் 2.83 லட்சம். அதையும் அசலோடு சேர்த்துப் பத்து வருடத்தில் அடைத்தால் மாதம் 20,000 ரூபாய். இன்றைய சம்பளத்தில் அது எப்படிக் கட்டுப்படியாகும்? அந்த வட்டியை அவ்வப்போதே கட்டிவந்தால் தவணை 16,200-க்கு இறங்கும். இரண்டு வருடச் சம்பளம் 5.76 லட்சம் போவதை இதில் நான் சேர்க்கவே இல்லை.

கல்லூரி விளம்பரத்தில் போடும் சராசரிச் சம்பளத்தை நம்பி இறங்காதீர்கள். அதில் தங்குமிடம், சாப்பாடு, போனஸ் எல்லாவற்றையும் பணமாக்கிச் சேர்த்திருப்பார்கள். போன வருடம் முடித்த நாலைந்து பேரிடம் மாதம் கைக்கு எவ்வளவு வருகிறது, எந்த ஊர் சைட் என்று மகனையே கேட்கச் சொல்லுங்கள். 45,000-க்குக் கீழே என்றால் இந்தக் கடன் வேண்டாம்.

வரிச் சலுகை இருக்கிறது என்பார்கள். கல்விக் கடன் வட்டியை வருமானத்தில் கழிக்கும் அந்தச் சலுகை பழைய வரி முறையில்தான் செல்லும். புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை. ஆகவே உங்கள் மகனுக்கு அதனால் ஒரு பைசா பலனில்லை.

கையெழுத்துப் போடும் முன் மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பிஎம் வித்யாலட்சுமியின் பட்டியலில் அந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அடமானமும் ஜாமீனும் இல்லாமலே கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், தவணை தொடங்காத காலத்தில் 10 லட்சம் வரையான கடனுக்கு 3% வட்டி மானியமும் கிடைக்கலாம். பட்டியலில் இல்லையென்றால் 7.5 லட்சத்துக்கு மேல் சொத்தைக் கேட்பது வங்கிகளின் வழக்கம்.

என்னைக் கேட்டால், ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். வேலையில் இருந்தபடியே, முதுநிலைப் பொறியியல் படிப்புக்கான கேட் (GATE) நுழைவுத் தேர்வு எழுதட்டும். திருச்சி என்.ஐ.டி.யிலும் கிண்டி பொறியியல் கல்லூரியிலும் இதே துறையில் முதுநிலைப் படிப்பு இருக்கிறது. கேட் மதிப்பெண்ணோடு முழுநேரம் படிப்பவருக்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை. இரண்டு வருடத்தில் ஏறக்குறைய 3 லட்சம். எல் அண்ட் டி நிறுவனமே எம்.டெக் படிக்கவைக்கும் திட்டம் ஒன்று உண்டு, ஆனால் அது இறுதியாண்டு மாணவர்களுக்கு. உங்கள் மகன் அதைத் தாண்டிவிட்டார்.

தேர்வு கைகூடாவிட்டால் 7.5 லட்சத்துக்குள் முடிகிற கல்லூரியாகப் பார்க்கலாம். மகள் கல்லூரிக்குப் போக இன்னும் இரண்டே வருடம். அவளுக்கும் கடன் தேவைப்படலாம்; அப்போது பத்திரம் உங்கள் பீரோவில் இருக்க வேண்டும்.