முதியோர் இல்லத்தில் இருக்கும் பாட்டியை அனுப்ப எத்தனை நாள் நோட்டீஸ் தர வேண்டும்?

கேட்டவர் குன்னூர் பக்கம் சின்ன முதியோர் இல்லம் நடத்துகிறார். அங்கே ஒரு பாட்டிக்கு மறதி நோய் முற்றி, இரவில் கதவைத் திறந்து வெளியே போய்விடுகிறார். மகன் நான்கு மாதமாகப் பணம் கட்டவில்லை. எத்தனை நாள் நோட்டீஸ் கொடுத்து அனுப்பலாம் என்கிறார்.

நான் கோத்தகிரியில் இப்படி ஓர் இல்லத்தில் நிர்வாகம் பார்க்கிறேன், வக்கீல் இல்லை. நாள் கணக்கு உங்கள் ஒப்பந்தத்தில்தான் இருக்கும். 30 நாள் என்று எழுதியிருந்தால் 30 நாள். ஒன்றும் எழுதவில்லை என்றால், இப்படிக் கட்டணம் கட்டித் தங்குவதைப் பொதுவாக வாடகையாகப் பார்க்காமல் அனுமதியின் பேரில் தங்குவதாகத்தான் பார்ப்பார்கள்; அதற்குப் பழைய 1882ஆம் வருடத்து ஈஸ்மென்ட் சட்டம், அனுமதியை ரத்து செய்தாலும் ஆள் கிளம்பவும் சாமான்களை எடுத்துப் போகவும் நியாயமான அவகாசம் தர வேண்டும் என்கிறது. மறதி நோய் உள்ள ஒருவருக்கு ஒரு வாரம் எந்தக் கணக்கிலும் நியாயமான அவகாசம் ஆகாது.

ஆனால் நீங்கள் இரண்டு காரணங்களை ஒரே நோட்டீஸில் போட நினைக்கிறீர்கள். தயவுசெய்து பிரித்துப் பாருங்கள். பணம் கட்டாதது மகன், பாட்டி இல்லை. 2007ஆம் வருடத்து மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி பாட்டி மகன் மேல் ஜீவனாம்ச மனு போடலாம், அவரால் முடியாவிட்டால் அவர் அதிகாரம் கொடுத்த ஒருவரோ ஓர் அமைப்போ போடலாம். அதாவது உங்கள் இல்லமே போடலாம். குன்னூர், கோத்தகிரி இரண்டு தாலுகாவுக்கும் இந்த மனுவை விசாரிக்கும் தீர்ப்பாயம் குன்னூர் ஆர்.டி.ஓ.தான் (வருவாய்க் கோட்டாட்சியர்). தீர்ப்பாயத்தின் நோட்டீஸ் மகனுக்குச் சேர்ந்து 90 நாளுக்குள் மனுவை முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது, தேவைப்பட்டால் இன்னும் 30 நாள். அதிகபட்சம் மாதம் 10,000 ரூபாய்தான் கிடைக்கும், உங்கள் கட்டணத்துக்குப் பற்றாமல் போகலாம். ஆனாலும் மனு போட்டுவிட்டோம் என்று ஒரு போன் செய்தாலே பல மகன்கள் பேச வந்துவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

இரவில் வெளியே போவது வேறு விஷயம், அதை நானும் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சமவெளியில் தெருவிளக்குக்குக் கீழே யாராவது பார்த்துக் கூட்டி வருவார்கள், இங்கே வாசலைத் தாண்டினால் தேயிலைத் தோட்டம், கரடியும் காட்டெருமையும் நடமாடும் நேரம், டிசம்பர் ஜனவரியில் உறைபனி வேறு. ஆனால் 'எங்களால் பார்த்துக்கொள்ள முடியாது' என்று எழுதுவதற்கு முன் டாக்டரிடம் காட்டினீர்களா? வயதானவர்களுக்குத் திடீரென்று குழப்பம் கூடினால் சிறுநீர்த் தொற்று, உடம்பில் சோடியம் குறைவது, மலச்சிக்கல், புதிதாக ஆரம்பித்த தூக்க மாத்திரை எல்லாமே காரணமாக இருக்கும். எங்களிடம் அமைதியாக இருந்த ஒரு தாத்தா திடீரென்று பக்கத்துக் கட்டில்காரர் மேல் கைத்தடியை ஓங்க ஆரம்பித்தார், மற்றக் குடும்பங்கள் எல்லாம் அவரை அனுப்பச் சொல்லி நெருக்கின. சிறுநீர்ப் பரிசோதனையில் தொற்று தெரிந்தது, மருந்து முடிந்ததும் பழையபடி காலையில் பேப்பரோடு வெயிலில் உட்கார்ந்துவிட்டார். அவசரப்பட்டு நோட்டீஸ் அடித்திருந்தால் அந்த மனிதர் எங்கே போயிருப்பார்?

என் சித்தி மகள் கலிபோர்னியாவில் இப்படி ஓர் இல்லத்தில் வேலை பார்க்கிறாள். அங்கே மாநில விதியே இருக்கிறது. கட்டணப் பாக்கி, இல்லத்தின் விதியை மீறுவது, தங்கியிருப்பவருக்குத் தேவைப்படும் பராமரிப்பு மாறிப்போவது என்று எண்ணி வைத்த சில காரணங்களுக்கு மட்டும்தான் 30 நாள் நோட்டீஸ் கொடுக்க முடியும், தேவை மாறிவிட்டது என்றால் முதலில் மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். நோட்டீஸில் என்ன நடந்தது, எந்தத் தேதி, எங்கே, யார் பார்த்தார்கள் என்று எழுத வேண்டும், எங்கே புகார் செய்யலாம், வேறு இடம் தேட யார் உதவுவார்கள் என்பதும் அதிலேயே இருக்க வேண்டும். உரிமம் தரும் துறைக்கு 5 நாளுக்குள் நகல் போக வேண்டும். 30 நாள் முடிந்தும் அவர் போகவில்லை என்றால் இல்லம் கோர்ட்டுக்குத்தான் போக முடியும், தானாக வெளியே அனுப்ப முடியாது. அந்த விதி நம்மைக் கட்டாது, சரி, ஆனால் நோட்டீஸை அந்த மாதிரியே எழுதுங்கள் என்பதுதான் என் யோசனை. 'பாட்டி தொல்லை தருகிறார்' என்று எழுதினால் நாளைக்கு நுகர்வோர் ஆணையத்தில் அது நிற்காது. எந்த இரவு, எத்தனை மணி, எந்தக் கதவு, பணியில் இருந்த அக்கா எங்கே கண்டுபிடித்தார், அதன் பிறகு நீங்கள் என்ன செய்தீர்கள் (தாழ்ப்பாள் மாற்றினீர்களா, இரவுக்கு ஆள் போட்டீர்களா) என்று எழுதுங்கள். நகல் மகனுக்கும், மாவட்டச் சமூக நல அலுவலகத்துக்கும்.

செய்யவே கூடாதவை: அறையைப் பூட்டுவது, பெட்டியை வராந்தாவில் வைப்பது, சாப்பாட்டையோ மாத்திரையையோ நிறுத்துவது, ஆதாரையும் ஏ.டி.எம். கார்டையும் பாக்கிக்காகப் பிடித்து வைப்பது. எல்லாவற்றையும்விட, காரில் ஏற்றி மகன் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுத் திரும்பி வருவது. பராமரிப்பில் இருக்கும் மூத்தவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுவிட்டு வந்தால் 3 மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் என்று அதே 2007 சட்டத்தின் 24ஆவது பிரிவு சொல்கிறது. பிள்ளைகளுக்கு மட்டுமான பிரிவு இல்லை அது, பராமரிப்பை ஏற்ற யாருக்கும்தான்.

போகும் இடம் உறுதியாகாமல் தேதி குறிக்காதீர்கள். மறதி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் வேண்டுமென்றால் கோவைப் பக்கம் தேடுங்கள், 14567 முதியோர் உதவி எண்ணிலும் கேட்கலாம். ஐப்பசி, கார்த்திகை மழையில் மண் சரிந்து ரோடு அடைபடும், அந்த மாதங்களைத் தவிர்த்துவிடுங்கள். காலையிலேயே கிளம்புங்கள், பாட்டிக்குப் பழகிய அக்கா ஒருவர் கூடவே போகட்டும், புது இடத்தில் ஓர் இரவாவது தங்கட்டும். அவருடைய போர்வை, சாமி படம், மாத்திரைச் சீட்டு எல்லாம் அதே வண்டியில் போக வேண்டும். அட்வான்ஸில் பாக்கியைக் கழிக்க ஒப்பந்தம் இடம் கொடுத்தால் கழித்துக்கொண்டு, மீதியைக் கணக்கு எழுதி அன்றைக்கே கொடுத்துவிடுங்கள்.