உவர் நிலத்துத் தாவரங்கள்: கேள்வி பதில்

கேள்வி (அரியாலை): கடனீரேரிக் கரையில் கண்ணா மரமும் கண்டல் மரமும் உப்பு நீரில் நின்றும் பட்டுப்போகாதிருப்பது எப்படி?

பதில்: கண்டல் உப்பின் பெரும் பகுதியை வேரிலேயே தடுத்துவிடுகிறது. கண்ணாவும் அவ்வாறே தடுத்து, மீறி உள்ளே வருவதை இலையிலுள்ள உப்புச் சுரப்பிகளால் வெளியேற்றுகிறது. வெயில் நாளில் அதன் இலையை நாவில் வைத்தால் கரிக்கும். உவர் நிலச் செடியான உமரியின் வழி வேறு. கடல் நீரில் லீற்றருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்பு இருப்பதால், அந்நீரை உறிஞ்ச வேண்டுமாயின் கலத்தினுள்ளும் அதற்கு ஈடான செறிவு வேண்டும். ஆகவே அது உப்பை உள்ளே எடுத்துப் புன்வெற்றிடத்தில் (கலத்தினுள் இருக்கும் நீர்ப்பையில்) அடைத்துவைத்து, அதைச் சூழ்ந்த குழியவுருவில் கிளைசீன் பீற்றெயின் போன்ற தீங்கற்ற சேர்வைகளைச் சேர்த்துச் சமன் செய்கிறது.

கேள்வி (நாவற்குழி): உமரியை வளர்த்து அறுத்து அகற்றினால் உவரேறிய என் தரவை நிலம் திருந்துமா?

பதில்: அறுவடையோடு சிறிது உப்பு வெளியேறும். ஆனால் கீழிருந்து உவர் நீர் ஏறும் நிலத்தில் அது போதாது. மாரி மழையைத் தேக்க வரம்பும், கழுவிய நீர் வடிய வாய்க்காலுமே முதலில் வேண்டும்.

கேள்வி (கோப்பாய்): கிணறு உவர்க்கிறது, வெங்காயம் கருக, பீற்றூட் மட்டும் செழிப்பதேன்?

பதில்: பீற்றூட்டின் காட்டு மூதாதை ஐரோப்பியக் கடற்கரைச் செடி; உமரியின் குடும்பத்தைச் சேர்ந்ததும்கூட. மண் சாற்றில் உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மீற்றருக்கு 1.2 டெசிசீமனைத் தாண்டினாலே வெங்காய விளைச்சல் குறையத் தொடங்கும். போஞ்சிக்கும் கரட்டுக்கும் எல்லை 1 தான். பீற்றூட்டோ சுமார் 4 வரை தாங்கும். எனினும் பயிரை மாற்றுவதோடு நின்றுவிடாதீர்கள். நமது சுண்ணக்கல்லில் நன்னீர், அடர்த்தி கூடிய உவர் நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீற்றர் உயர்ந்திருந்தால், கணக்கின்படி கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழத்துக்கு நன்னீர் இருக்கும். பம்பியால் இறைத்து மேல்மட்டத்தைத் தாழ்த்தினால் உவர் நீர் மேலெழும். ஆகவே விட்டுவிட்டுச் சிறிது சிறிதாக இறையுங்கள்; நீர் போதவில்லையென்று கிணற்றை ஆழமாக்குவது, என் மதிப்பில், உவரை நாமே வரவழைப்பது.

கேள்வி (நாகர்கோவில்): இந்த உவர் நிலத் தாவரங்கள் நன்னீரில் வளருமா? உமரியை உண்ணலாமா?

பதில்: பல வளரும். கண்ணா, நீர்த்த கடல் நீரில்தான் நன்கு செழிக்கும். நல்ல நிலத்தில் மற்றச் செடிகள் முந்திவிடுவதாலேயே இவை கரையோடு ஒதுங்கியுள்ளன. உமரியின் இளந்தளிரை அவித்து, நீரை வடித்துவிட்டுச் சமைக்கலாம். கறிக்கு வேறு உப்புப் போடும் முன் சுவைத்துப் பாருங்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்கள் தவிர்ப்பது நல்லது.