பன்னிரண்டாம் வளைவு: கடிதமும் பதிலும்

வணக்கம் அண்ணா,

கொல்லிமலைக்குச் சைக்கிளில் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. காரின் பின்னால் சைக்கிளைக் கட்டிக்கொண்டு நானும் கிளம்பிவிட்டேன். மலையடிவாரத்துக் காரவள்ளி போய்ச் சேரும்போது காலை ஒன்பது. எழுபது கொண்டை ஊசி வளைவில் பன்னிரண்டோடு சரி. தொடை கல்லாகி, மூச்சு வாங்கி, சாலையோரச் சுவரில் உட்கார்ந்துவிட்டேன். வயது 44. ஞாயிறுதோறும் சமவெளியில் 60 கிலோமீட்டர் ஓட்டுகிறவன். சைக்கிளில் முன்பக்கம் 50, 34 பல். பின்பக்கம் பெரிய பல்சக்கரம் 28. எனக்கு வயதாகிவிட்டதா, இல்லை மலையே ஒத்துவராதா?

இன்னொன்று. நண்பரிடம் இதைச் சொன்னேன். "மலைக்காரன் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிற ரோட்டில் நீ லட்ச ரூபாய் சைக்கிளை மிதிக்கப் போகிறாயா? அவன் ஊர் உனக்கு ஜிம்மா?" என்று கேட்டார். சிரித்து மழுப்பிவிட்டேன். ஆனால் உறுத்துகிறது.

ம., கரூர்

அன்புள்ள ம.,

வயதின் மேல் பழி போடாதீர்கள். எனக்கு 53. முதல் தடவை நான் திரும்பி வந்தது ஒன்பதாம் வளைவிலிருந்து. அதை எழுதாமல் விட்டது என் தப்பு. ஏறி முடித்த கதையை மட்டும் எழுதினால், படிக்கிறவர் வெயில் ஏறிய பிறகு சாவகாசமாகத்தான் கிளம்புவார்.

உங்கள் சிக்கல் பின்பக்கப் பல்சக்கரத்தில் இருக்கிறது. முன்னால் 34, பின்னால் 28 என்றால் பெடல் ஒரு சுற்றுச் சுற்ற வண்டி இரண்டரை மீட்டர் போகும். மலையில் நம்மைப் போன்றவர்களுக்கு மணிக்கு 8 கிலோமீட்டர் தாராளம். அந்த வேகத்தில் நிமிடத்துக்குக் கால் 52 சுற்றுதான் சுற்றும்; ஒவ்வொரு சுற்றும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு படியேறுகிற மாதிரி இருக்கும். பின்னாலும் 34 பல் போட்டுப் பாருங்கள். ஒரு சுற்றுக்கு 2.1 மீட்டர், நிமிடத்துக்கு 63 சுற்று. கட்ட வேண்டிய கடன் அதேதான், தவணை சின்னதாகிவிடும். முழங்காலும் பிழைக்கும். ஒன்று மட்டும்: கியர் மாற்றுகிற பின்பக்க டீரெய்லர் நீளமான வகையாக இருந்தால்தான் 34 பல்லை ஏற்கும், செயினும் நீளமாக வேண்டும். கடைக்குச் சைக்கிளையே கொண்டுபோய்க் காட்டிவிட்டு வாங்குங்கள்.

அப்புறம் வேகம். நீங்கள் எழுதவில்லை, ஆனால் முதல் ஐந்து வளைவை 14, 15 கிலோமீட்டர் வேகத்தில் ஏறியிருப்பீர்கள். சமவெளிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். அடிவாரத்துக்கும் மேலே உள்ள ஊர்களுக்கும் ஏறத்தாழ 1000 மீட்டர் உயர வித்தியாசம். மூன்று மணி நேர வேலை அது. முதல் அரை மணி நேரம் பேசிக்கொண்டே மிதிக்க முடிகிற வேகத்தில் போகணும். கூட ஆள் இல்லையென்றால் பாடுங்கள். குரங்குகள் தவிர கேட்க யாருமில்லை.

வளைவில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஏறும்போது இடது பக்கம் திரும்புகிற கொண்டை ஊசியில் நாம் உள்பக்கம் இருப்போம். அங்கேதான் ரோடு சுவர் மாதிரி நிமிரும். வளைவுக்குள் போய்விட்டுக் கியரைத் தேடினால் செயின் கடகடவென்று சண்டை போடும்; பத்தடி முன்பே மாற்றிவிடணும். வலது வளைவில் நாம் வெளிப்பக்கம். அங்கே ஏற்றம் கொஞ்சம் படுத்திருக்கும், அதுதான் ஓய்வு. இரண்டு மூன்று வளைவுக்கு ஒரு தடவை இப்படி மூச்சு விட்டுக்கொள்ளலாம். மேலிருந்து பஸ் ஹாரன் கேட்டால் மட்டும் வளைவுக்கு முன்பே நின்றுவிடுங்கள். பஸ் திரும்ப ரோடு முழுக்க வேண்டும்.

எழுதாமல் விட்ட இன்னொரு கதையையும் சொல்லிவிடுகிறேன். ஏறுவதைவிட இறங்குவதில்தான் நான் அதிகம் பட்டேன். ஒரு ஆனி மாதம். ரிம்மைப் பிடிக்கிற பழைய பிரேக். பயத்தில் இரண்டையும் விடாமல் அழுத்திக்கொண்டே இறங்கினேன். நாற்பத்தொன்றாம் வளைவுக்குக் கொஞ்சம் மேலே படாரென்று ஒரு சத்தம். ரிம் சூடேறி முன் ட்யூப் வெடித்துவிட்டது. மெதுவாக வந்ததால் விழவில்லை. என்ன ஆயிற்று என்று குனிந்து ரிம்மைத் தொட்டேன், ஆள்காட்டி விரலில் கொப்புளம். மாற்று ட்யூப் ஒன்று இருந்தது. அதைக் காலையிலேயே முள்ளுக்குக் கொடுத்தாயிற்று. பலாப்பழம் ஏற்றிக்கொண்டு கீழே போன குட்டியானைக்காரர் ஒருவர் நிறுத்தினார். பழங்களின் மேல் சைக்கிள், சைக்கிளைப் பிடித்தபடி நான். மீதி நாற்பத்தொரு வளைவும் பலா முள் குத்திக்கொண்டே இறங்கியது. வளைவு வரும் முன் அழுத்திப் பிடித்து வேகத்தைக் குறைத்துவிட்டு, நேர் ரோட்டில் கையை எடுத்துவிடணும் என்று அவர்தான் சொன்னார். லாரிக்குச் சொன்ன பாடம், சைக்கிளுக்கும் அதேதான்.

சரி, மேலே போன பிறகு என்ன இருக்கிறது? எழுபதாம் வளைவோடு ஏற்றம் முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். மேலே ரோடு அலை அலையாக ஏறி இறங்கும். என்னைக் கேட்டால் ஓட்டுகிற சுகமே அங்கேதான். கீழே நடந்தது வெறும் நுழைவுக் கட்டணம். சோளக்காட்டிலிருந்து செம்மேடு, அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில். தனிப் பதிகம் இல்லாமல் தேவாரத்தில் பெயர் மட்டும் வருகிற வைப்புத்தலம் அது. வழியெல்லாம் மரவள்ளி, வாழை, சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறிய மிளகுக்கொடி. ஊராட்சிப் பலகைகளைப் படித்துக்கொண்டே போங்கள்: வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, தின்னனூர் நாடு. இப்படிப் பதினான்கு நாடுகள். கீழே நாம் தாலுகா, பிர்க்கா என்று ஆகிவிட்ட பிறகும் அங்கே ஊர் இன்னும் 'நாடு'தான்.

செம்மேட்டில், கொல்லிமலையை ஆண்ட சங்ககாலத்து வல்வில் ஓரிக்கு, குதிரைமேல் இருக்கிற மாதிரி சிலை இருக்கிறது. ஓரியின் குதிரைக்கும் ஓரி என்றே பெயர், அவனோடு போரிட்ட காரியின் குதிரைக்கும் காரி என்றே பெயர் என்கிறது சங்கப் பாட்டு. வண்டிக்கும் ஓட்டுகிறவனுக்கும் ஒரே பெயர். அந்தச் சிலைக்கு எதிரே உட்கார்ந்து டீ குடிக்கிறபோதெல்லாம், லட்சத்துக்குச் சைக்கிள் வாங்கிப் பெயர் வைத்துக் கொஞ்சுகிற நம் ஆட்கள் ஒன்றும் புதிதில்லை என்று தோன்றும்.

உங்கள் நண்பர் கேட்டதற்கு வருகிறேன். அவர் சொன்னதில் பாதியை மறுக்க எனக்கு வாய் இல்லை. மிளகு மூட்டையோடும் வாழைத்தாரோடும் மனிதர்கள் தினமும் போய்வருகிற ரோடு அது. அதில் எத்தனை நிமிடத்தில் ஏறினேன் என்று போனில் காட்டித் திரிவது எனக்கும் பிடிப்பதில்லை. நான் செய்ததில்லை என்றும் சொல்ல முடியாது.

ஆனால் 'வேடிக்கை பார்க்கப் போகிறாய்' என்ற தொனிக்கு மட்டும் ஒரு பதில் இருக்கிறது. மலையில் மணிக்கு எட்டு கிலோமீட்டரில் போகிறவனைத்தான் ஊரே வேடிக்கை பார்க்கும். கண்ணாடி ஏற்றிய காரில் போனால் யாரும் நம்மைக் கேள்வி கேட்பதில்லை. சைக்கிளில் போனால் ஒரு திண்ணை பாக்கியில்லாமல் பதில் சொல்லணும்.

போன மாசியில் செம்மேட்டைத் தாண்டி ஒரு வீட்டு வாசலில் நின்றேன். ரோட்டோரம் தார்ப்பாய் விரித்து மிளகு காயப்போட்டிருந்தார்கள். பாதி பச்சை, பாதி கறுப்பு. காற்று திரும்பும்போது அந்தக் காரம் மூக்கில் ஏறி இருமல் வந்தது. ஒரு பாட்டி வெறுங்காலால் மிளகைத் துழாவிவிட்டுக்கொண்டே வந்தார். "ஏஞ்சாமி, பஸ்ஸுக்குக் காசில்லையா?" என்றார். இருக்கிறது, சும்மா ஆசைக்குத்தான் என்றேன். நம்பவில்லை. அரைக் கிலோ மிளகு கேட்டேன்; காய்ந்ததைத் தனியாக எடுத்துவரச் சொல்லி வீட்டுக்குள் குரல் கொடுத்துவிட்டு, சைக்கிள் கம்பியை ஒரு கையால் பிடித்துத் தூக்கினார். அது பாட்டுக்கு மேலே வந்துவிட்டது. உள்ளே இருந்தவர்களையும் கூப்பிட்டுத் தூக்கிக் காட்டினார். ஒரு பையன் ஒற்றை விரலால் தூக்கிப் பார்த்தான்.

"இம்புட்டு லேசா இருக்குது. இதுக்குப் போயி இப்பிடி மூச்சு வாங்குறியே சாமி?"

உங்கள் நண்பரின் கேள்வியைவிட இது கஷ்டமான கேள்வி. எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

தை கடைசியில் மறுபடி போகிறேன். வருவதாக இருந்தால் முந்தின நாள் இரவே நாமக்கல்லில் தங்கிவிடுங்கள். விடிகாலை ஐந்தரைக்குக் காரவள்ளியில் இருக்கணும். மாற்று ட்யூப் இரண்டு, பின்பக்கம் 34 பல். மிளகுக்கு ஒரு துணிப்பையும்.

அன்புடன்.