வைட்டமின் ஈ மாத்திரையில் 'டி', 'டிஎல்' என்ன வித்தியாசம்?

அட்டையின் பின்புறம் பொடி எழுத்தைப் பாருங்கள். 'டி-ஆல்ஃபா டோகோஃபெரால்' என்றால் சோயா போன்ற தாவர எண்ணெயிலிருந்து வந்தது. 'டிஎல்-ஆல்ஃபா' ஆலையில் செய்தது. அதில் எட்டு வடிவ மூலக்கூறுகள் கலந்திருக்கும், ஒன்றுதான் இயற்கையில் உள்ளது. கல்லீரலில் ஒரு புரதம், தனக்குப் பொருந்தும் வடிவங்களை மட்டும் பிடித்து ரத்தத்துக்கு அனுப்பும். மற்றவை சீக்கிரம் வெளியேறிவிடும். இடது கால் செருப்பை வலது காலில் மாட்டிய கதைதான்: அதே ரப்பர், அதே அளவு, ஆனால் நடக்க முடியாது. அதனால் 400 ஐயூ (வைட்டமினை அளக்கும் சர்வதேச அலகு) இயற்கை வகையில் உடலுக்கு உதவுவது சுமார் 268 மி.கி., செயற்கையில் 180. விலை கொஞ்சம்தான் கூடுதல் என்றால் நான் 'டி' வாங்குவேன். ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள்.

அப்புறம், பெயரின் கடைசியில் 'அசிடேட்' என்றிருந்தால் செயற்கை என்று பலர் ஒதுக்குகிறார்கள். அது கெடாமலிருக்கச் சேர்ப்பது, இரண்டு வகையிலும் வரும், குடலிலேயே பிரிந்துவிடும்.